தளர்ச்சி எல்லாம் முதுமை அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 11ஆம் நாள் கடைப்பிடிக்கப்படும் உலகப் பார்க்கின்சன் நாளை முன்னிட்டுத் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வெளியான கட்டுரையை வாசித்தேன். பலரும் வாய்விட்டுப் பேசத் தயங்கும் ஒரு நோய்க்கு இவ்வளவு இடம் ஒதுக்கியமைக்கு என் நன்றி. ஆயினும் அக்கட்டுரை அந்நோயை முதியோருக்கு வரும் கைநடுக்கம் என்று ஒரே வரியில் விளக்கிவிட்டு, சிகிச்சைக்குச் சென்றுவிட்டது. நடுக்கம்தான் நோய் என்பதும் முதுமைதான் காரணம் என்பதும் மக்களிடையே ஏற்கெனவே ஊறிப்போன எண்ணங்கள். இவ்விரண்டினாலும் எத்தனையோ பேர் உரிய காலத்தில் மருத்துவரிடம் செல்லாமல் இருந்துவிடுகின்றனர். அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். என் அண்ணன் இந்நோயுடன் நெடுங்காலம் வாழ்ந்து மறைந்தவர். மருத்துவர் சொல்ல வேண்டியதை நான் சொல்ல முற்படவில்லை. மருந்து கொடுக்கும் சன்னலுக்கு உள்ளே நின்றும், நோயாளியின் கட்டிலருகே அமர்ந்தும் அறிந்துகொண்டவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் நடுக்கத்தைப் பற்றி. கை நடுங்குபவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது பார்க்கின்சன் நோய் அன்று. காப்பித் தம்ளரைத் தூக்கும்போதும், ஊசியில் நூல் கோக்கும்போதும், கையெழுத்திடும்போதும் இரு கைகளும் நடுங்குவது, சிலருக்குத் தலையும் குரலும் சேர்ந்து நடுங்குவது, அதிகம் காணப்படும் வேறொரு கோளாறு. அது பல குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும். அதற்கான மருந்துகளும் வேறு. பார்க்கின்சன் நோயின் நடுக்கமோ கை சும்மா மடியில் கிடக்கும்போது வருவது. பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்குவது. பொருளை எடுக்கக் கை நீண்டவுடன் பெரும்பாலும் தணிவது. அதே வேளையில், நடுக்கமே இல்லாமல் இந்நோய் தொடங்குபவர்களும் கணிசமானோர் உள்ளனர். என் அண்ணன் அவர்களில் ஒருவர். கை நடுங்கவில்லையே, பிறகென்ன நோய் என்று வீட்டில் அனைவரும் நினைத்திருந்த அந்தக் காலம் முழுவதும் நோய் வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

பார்க்கின்சன் நோயின் மையக் குறி நடுக்கமன்று, மந்தம். நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளை உண்டாக்கி, மூளையின் ஆழத்தில் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் நரம்பணுத் திரள்களுக்கு அனுப்புகின்றன. அவை ஒவ்வொன்றாக மடியும்போது வெளியே எதுவும் தெரிவதில்லை; ஏறத்தாழ பாதி அணுக்களை இழந்த பிறகே அசைவில் மாற்றம் புலப்படுகிறது. அப்போதும் தசையில் வலு இருக்கும். தண்டுவடமும் நரம்புகளும் பழுதின்றி இருக்கும். எழ வேண்டும் என்ற எண்ணம் எழுதலாக மாறுகிற இடத்தில்தான் தடை. அதனால்தான் இந்நோயாளி நாற்காலியிலிருந்து எழ முன்னும் பின்னுமாக ஆடிப் பார்க்கிறார். வாசற்படியருகே வந்ததும் கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறார். ஆனால் தரையில் குறுக்கே ஒரு கோடு போட்டு அதைத் தாண்டச் சொன்னால், அதே கால்கள் பல நேரங்களில் நகர்ந்துவிடுகின்றன. இதைப் பார்க்கும் வீட்டார், 'இப்போது மட்டும் எப்படி நடந்தார், வேண்டுமென்றே செய்கிறார்' என்று கருதிவிடுவது மிகவும் வேதனைக்குரியது. அவர் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. கண்ணால் காணும் கோடு, மூளையில் பழுதுபட்ட வழியை விட்டு வேறொரு வழியாக அசைவைத் தொடங்கிவைக்கிறது.

அண்ணனுக்கு முதலில் வந்தது தோள்பட்டை வலி. தோள் இறுகிவிட்டது என்று சொல்லி அதற்கான பயிற்சிகள் தரப்பட்டன. அடுத்து அவருடைய கையெழுத்து சிறுத்தது; வரியின் தொடக்கத்தில் ஓரளவு பெரிதாக இருக்கும் எழுத்து, வரி முடிவதற்குள் எறும்பளவாகிவிடும். காசோலையில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் திருப்பி அனுப்பினார்கள். நடக்கும்போது ஒரு கை வீசும், மறு கை உடலோடு ஒட்டியபடியே வரும். குரல் தணிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக முகத்தின் அசைவு குறைந்தது. மகிழ்ச்சியோ வருத்தமோ முகத்தில் படராதபோது, வருபவர்களிடம் அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று உறவினர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். சம்பந்தி வீட்டில் அது ஒரு மனத்தாங்கலாகவே வளர்ந்தது. இவற்றுக்கெல்லாம் பல ஆண்டுகள் முன்பே அவருக்கு மோப்ப உணர்வு குறைந்திருந்தது, மலச்சிக்கல் இருந்தது, உறக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால்களை உதறிக் கூச்சலிடும் வழக்கமும் இருந்தது. இவை ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் யாருக்கும் வரக்கூடியவைதான். ஆனால் அசைவு மந்தத்தோடு இவையும் சேர்ந்து வரும்போது, மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்திகளாகிவிடுகின்றன.

சொல்ல வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. வழக்கமான இரத்தப் பரிசோதனை எதுவும் இந்நோயைக் காட்டித் தருவதில்லை. மூளையின் ஸ்கேன் படம் பெரும்பாலும் வேறு காரணங்களை விலக்குவதற்கே பயன்படுகிறது. லண்டன் நகர மருத்துவரான ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டில் ஆறு பேரின் நிலையை எழுதி வெளியிட்டபோது, அவர்களில் சிலரைத் தெருவில் நடந்து செல்கையில் பார்த்தே குறித்துக்கொண்டார். இருநூறு ஆண்டுகள் கடந்த பின்னும் நரம்பியல் மருத்துவர் முதலில் நம்புவது தம் கண்களையும் வீட்டார் சொல்லும் விவரங்களையும்தான். மருத்துவர் முன்னிலையில் நோயாளி சில நிமிடங்கள் நன்றாகவே நடந்துவிடுவதுண்டு. ஆகவே, வீட்டில் அவர் நடப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, எழுதுவது ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்து எடுத்துச் செல்லுங்கள். உடன் வருபவர் தயங்காமல் அதைக் காட்ட வேண்டும்.

முதுமைதான் காரணம் என்ற எண்ணமும் இதுபோலவே தீங்கு செய்கிறது. வயது கூடக்கூட இந்நோய் அதிகமாகக் காணப்படுகிறது என்பது உண்மை. ஆனால் குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கு 1984ஆம் ஆண்டில் இந்நோய் கண்டறியப்பட்டபோது அவருக்கு வயது 42. நாற்பதுக்கு முன்பே வருபவர்களும் உள்ளனர். அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிகளைத் தாக்கும் வேறு சில நோய்களோ இளையவர்களையே பிடிக்கின்றன. அவற்றுள் ஒன்றை மட்டுமாவது விரிவாகச் சொல்ல வேண்டும்.

வில்சன் நோய் என்பது உடலில் சேரும் செம்பை வெளியேற்ற முடியாத ஒரு பிறவிக் குறை. கல்லீரலிலும் மூளையிலும் செம்பு படிகிறது. பள்ளியிலோ கல்லூரியிலோ படிக்கும் பிள்ளைக்குப் பேச்சு குழறும், எச்சில் ஒழுகும், கை நடுங்கும் அல்லது முறுக்கிக்கொள்ளும், படிப்பு சரியும், இயல்பு மாறும். இவ்வாறு மாறிய பிள்ளையை மந்திரிக்க அழைத்துச் செல்லும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. கருவிழியின் ஓரத்தில் செம்பு படிந்து உண்டாகும் பழுப்பு வளையத்தைக் கண் மருத்துவர் உரிய கருவியால் காண முடியும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்நோய் உண்டாகும். ஆகவே மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கமுள்ள நம் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும். அசைவுக் கோளாறுகளில் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் நன்கு கட்டுப்படுத்தக்கூடிய ஒன்று இது. செம்பை வெளியேற்றும் மருந்தும், குடலிலேயே அதைத் தடுக்கும் துத்தநாகமும் நமக்குக் கிடைக்கின்றன. ஒரு பிள்ளைக்கு இந்நோய் உறுதியானால், எந்தக் குறியும் இல்லாத உடன்பிறந்தவர்களையும் பரிசோதித்தே தீர வேண்டும்.

இளையவர்களிடம் காணப்படும் மற்றொன்று டிஸ்டோனியா. கழுத்து தானாக ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். பேனாவைப் பிடித்தவுடன் விரல்கள் முறுக்கிக்கொள்ளும், அதே விரல்கள் மற்ற வேலைகளை இயல்பாகச் செய்யும். மோவாயில் விரலை லேசாக வைத்தால் திரும்பிய கழுத்து நேராவதும் உண்டு. இந்த விநோதத்தைப் பார்த்து இது மனக்கோளாறு என்று முடிவு கட்டிவிடுகின்றனர். இது மூளையில் நேரும் கோளாறுதான். தசையில் போடப்படும் போட்டுலினம் ஊசியால் பலருக்கு நல்ல பயன் கிடைக்கிறது.

இனி, இக்கடிதத்தை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். பார்க்கின்சன் நோயைப் போலவே தோன்றும் மந்தமும் விறைப்பும் நடுக்கமும், நாம் அன்றாடம் விழுங்கும் சில மாத்திரைகளாலேயே உண்டாகின்றன. தங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மனநோய்க்குத் தரப்படும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்றவற்றுக்கு இவ்விளைவு உண்டு என்பது பலருக்கும் தெரியும். அவற்றைத் தரும் மருத்துவர்களும் கவனித்துக்கொள்கின்றனர். நான் அஞ்சுவது வேறு மருந்துகளைப் பற்றி. வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் தரப்படும் புரோகுளோர்பெரசின், தலைசுற்றலுக்கான சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃபுளூனரிசின், வயிற்று உப்புசத்துக்காக, அமிலத்தைக் குறைக்கும் மருந்துடன் சேர்த்து ஒரே குளிகையாக வரும் லெவோசல்பிரைடு ஆகிய இவை அனைத்தும் மூளையில் டோபமைன் பொருந்த வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளக்கூடியவை. சில நாள்களுக்கு என்று எழுதித் தரப்பட்ட மாத்திரையை, 'சாப்பிட்டால் நன்றாக இருக்கிறது' என்று பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வாங்கி உண்ணும் முதியவர்களை நான் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் சன்னலருகே வந்து நிற்கும் தோற்றமே ஆண்டுக்கு ஆண்டு மாறும். முதுகு கூனும், அடி சிறுக்கும், சில்லறையை எண்ணி எடுக்கக் கை தாமதிக்கும். அதை எல்லோரும் வயது என்றே எடுத்துக்கொண்டனர்.

மருந்தால் வந்த இந்த நிலை, மருந்து நிறுத்தப்பட்டால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ மறைந்துவிடும். சிலருக்கு மறையாமல் நிற்பதும் உண்டு. மறைந்திருந்த பார்க்கின்சன் நோயை அம்மருந்து வெளிக்கொணர்ந்திருக்கக்கூடும். மருந்துதான் காரணம் என்று அறியாமல், அதற்கு மேல் பார்க்கின்சன் மாத்திரையையும் சேர்த்துத் தொடங்கினால், ஒரு மருந்தின் தீங்குக்கு இன்னொரு மருந்தை உண்ணும் நிலைதான் ஏற்படும். எனவே நரம்பியல் மருத்துவரிடம் செல்லும்போது இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை மட்டும் என்று சொல்லிவிடாமல், வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும், கடையில் நேரடியாக வாங்கியவற்றையும், ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அதே வேளையில், இதை வாசித்தவுடன் யாரும் தாமாக எம்மருந்தையும் நிறுத்திவிடக் கூடாது. மனநோய் மருந்துகளை அவ்வாறு நிறுத்துவது பேராபத்து.

மருந்து இந்நோயை உண்டாக்கக்கூடும் என்ற அறிவே இதற்கான மருந்தைத் தேடித் தந்தது. நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தாவை இரத்தக் கொதிப்புக்குப் பயன்படுத்திய அனுபவத்தை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949ஆம் ஆண்டில் ஆங்கிலேய ஆய்விதழில் வெளியிட்டார். அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின் உலகெங்கும் பரவியபோது, அதை உண்ட சிலர் பார்க்கின்சன் நோயாளிகளைப் போலவே உறைந்துபோயினர். 1950களின் இறுதியில் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பின் கொடுத்து அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு, உடலில் டோபமைனாக மாறும் லெவோடோபா என்ற பொருளைச் செலுத்தியபோது அவை எழுந்து ஓடின. 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற இந்த அறிஞரின் ஆய்வு, டோபமைன் குறைவே காரணம் என்பதற்கு வழிகாட்டியது. 1961ஆம் ஆண்டில் வியன்னாவில் நோயாளிகளுக்கு லெவோடோபா முதன்முறை தரப்பட்டது. இன்றும் அதற்கு இணையான மாத்திரை வரவில்லை.

அந்த லெவோடோபா இயற்கையாகவே நிறைந்திருப்பது நம் வேலியோரங்களில் படரும் பூனைக்காலியின் விதையில். 1937ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அவ்விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். அதைப் பெருமையுடன் குறிப்பிடும் நான், கடைகளில் கிடைக்கும் பூனைக்காலிப் பொடியை மாத்திரையுடன் சேர்த்துத் தாமாக உண்பவர்களை எச்சரிக்கவும் கடமைப்பட்டிருக்கிறேன். பொடியில் லெவோடோபா எவ்வளவு என்பது பொடிக்குப் பொடி மாறும். உடலில் வீணாகாமல் அதை மூளைக்குச் சென்றடையச் செய்யும் கார்பிடோபா அதில் இல்லை. அதை உண்பதாயின் மருத்துவருக்குத் தெரியாமல் உண்ணக் கூடாது.

அடுத்தது நேரம். நோயின் தொடக்கத்தில் எஞ்சியுள்ள நரம்பணுக்கள் டோபமைனைச் சேமித்து வைத்துக்கொள்வதால் மாத்திரை சற்றுத் தாமதித்தாலும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தச் சேமிப்பு இல்லாமல் போகிறது. கிணறு வற்றிய பின் தண்ணீர் லாரி வரும் நேரத்தை நம்பி வாழும் வீட்டைப்போல, உடல் ஒவ்வொரு வேளை மாத்திரையையும் எதிர்பார்த்து நிற்கும். காலை ஆறு, ஒன்பது, பன்னிரண்டு என்று சிலருக்கு மூன்று மணிக்கொரு முறை தேவைப்படும். அரைமணி நேரம் தவறினால் நடந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிடுவார். உணவில் உள்ள புரதம் இம்மருந்து உட்கிரகிக்கப்படுவதைத் தடுப்பதால், பலருக்கு உணவுக்கு அரைமணி நேரம் முன்பே தர வேண்டியிருக்கும்; இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்துத் தரக் கூடாது. நம் மருந்துச் சீட்டுகளில் 1-1-1 என்று எழுதும் வழக்கம் இந்நோய்க்குச் சற்றும் போதாது. மணியைக் குறித்து எழுத வேண்டும்.

இந்நோயாளி வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும்போதுதான் இந்த நேரக் கணக்கு அடியோடு குலைகிறது. என் அண்ணன் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அறுவைக்கு முன் வாய்வழியாக எதுவும் கூடாது என்று மாத்திரைகளும் நிறுத்தப்பட்டன; அதன் பின்னர் வார்டில் எல்லோருக்கும் மருந்து தரும் வேளைகளில் அவருக்கும் தரப்பட்டது; குமட்டலுக்கு மெட்டோகுளோபிரமைடு ஊசியும் போடப்பட்டது. எலும்பைச் சேர்த்த அறுவை குறையின்றி முடிந்தது. ஆனால் அவர் உடல் மரக்கட்டையாக விறைத்து, விழுங்கவும் இயலாமல், உணவு மூச்சுக்குழலுக்குள் செல்லும் நிலைக்கு வந்துவிட்டார். செவிலியர்கள் அன்பாகவே கவனித்தனர். அவர்களிடம் இருந்த அட்டவணையில் இதற்கு இடமில்லை. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பது மருத்துவ நூல்களில் உள்ள செய்தி. பிரிட்டனில் நோயாளர் அமைப்பு, மருத்துவமனைகளில் இம்மருந்து குறித்த நேரத்தில் தரப்பட வேண்டும் என்பதற்காகவே 2006ஆம் ஆண்டு முதல் இயக்கம் நடத்தி வருகிறது. நம் மருத்துவமனைகளில் சேர்க்கைச் சீட்டின் முகப்பிலேயே, மருந்து ஒவ்வாமையைச் சிவப்பு மையில் எழுதுவதுபோல, இம்மருந்தின் நேரங்களையும் தரக்கூடாத வாந்தி மருந்துகளையும் எழுதிவைப்பதற்குப் பெரும் செலவு எதுவும் இல்லை. அறுவைக்கு முன்னும் மாத்திரையை எவ்வாறு தொடர்வது, தேவைப்பட்டால் மூக்குக் குழாய் வழியாக எவ்வாறு தருவது என்பதை மயக்க மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்ய முடியும்.

பல குடும்பங்கள் அறியாத மற்றொன்று, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிட்டுள்ள 21 வகைகளில் பார்க்கின்சன் நோயும் ஒன்று என்பது. பணியில் இருக்கும்போதே இந்நோய்க்கு ஆளானவர்கள் இதனை அறிந்திருந்தால் வேலையைத் தாமாக விட்டுவிட மாட்டார்கள். நடுக்கம் வெளியே தெரியாததால் சான்று கேட்கவே கூச்சப்படுபவர்களை நான் அறிவேன். பாதிப்பின் அளவை மதிப்பிட்டுச் சான்று வழங்குவது மருத்துவக் குழுவின் பணி. விண்ணப்பிப்பது குடும்பத்தாரின் உரிமை.

தமிழக அரசு 2021ஆம் ஆண்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டு வீடு வீடாகச் செல்கின்றனர்; இயன்முறைப் பயிற்சியாளர்களும் செல்கின்றனர். மருத்துவமனைக்கே வராத முதியவரை அவர் வீட்டுத் திண்ணையில் காண்பவர்கள் அவர்களே. கை வீசாமல் நடப்பது, எழுந்திருக்கத் திணறுவது, முகம் அசையாதிருப்பது ஆகிய மூன்றையும் கவனித்து மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவைக்க அவர்களுக்குச் சிறிது பயிற்சி தரலாம் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் வைத்திருக்கும் பதிவேட்டில், அந்த முதியவர் தொடர்ந்து உண்ணும் தலைசுற்றல், வாந்தி, வயிற்று மாத்திரைகளுக்கும் ஒரு பத்தி சேர்க்கப்பட வேண்டும்.

தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. மேலே நான் குறிப்பிட்ட மருந்துகளின் பெயர்களை நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் சரிபார்த்து, அட்டையில் காணப்படும் பெயரை வாசகர்கள் ஒப்பிட்டுப் பார்க்க ஏதுவாக ஆங்கில எழுத்துகளிலும் சேர்த்து, தாமாக நிறுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையுடன் ஒரு கட்டமாக வெளியிட வேண்டுகிறேன். வெட்டி எடுத்து மருந்துப் பெட்டியில் வைத்துக்கொள்ளும் அளவில் அது அமைந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
திருநெல்வேலி மாவட்டம்